பட்டயம் படித்த நர்ஸ் செல்லாக்காசு இல்லை

நீளமான பதிவு. டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பீரியட் எடுப்பதை விடவில்லை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்து, அது நர்சிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இதை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம் குடும்ப வாட்ஸப் குழுவிலும், இரண்டு மூன்று பேட்ச் குழுக்களிலும் ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. டிப்ளமோ நர்சிங் இனிமேல் செல்லாதாம். பி.எஸ்சி. நர்சிங் மட்டும்தான் நர்சாம். பிள்ளையின் எதிர்காலத்தை வீணாக்காதீர்களாம். கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்கு நானே பேசிப் பார்த்தேன். அட்மிஷன் ஏஜெண்ட். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியில் "கடைசி நாலு சீட்" இருப்பதாகவும், இன்றைக்கே முன்பணம் போட்டால் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். போன வாரமும் அவரிடம் கடைசி நாலு சீட்தான் இருந்திருக்கிறது. இந்தச் செய்தியைக் குழுவில் போட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள். ஒருத்தர் வங்கி மேலாளர். ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கடன் கேட்டு வருகிறவனிடம் பத்து பேப்பர் கேட்கிறவர், இதற்கு ஒரு பேப்பரும் கேட்கவில்லை.

முதலில் செல்லாது என்பது பொய். ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷப் பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டு எல்லாரையும் பட்டப்படிப்புக்கே மாற்றிவிடலாம் என்று சில வருஷங்களுக்கு முன் இந்திய நர்சிங் கவுன்சில் மட்டத்தில் பேச்சு அடிபட்டது உண்மை. நிறுத்தவில்லை. அட்மிஷன் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே ஜி.என்.எம். முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களின் பதிவை யாரும் ரத்து செய்யவும் இல்லை. மூன்று வருஷம் ஜி.என்.எம். படித்தவளும் நாலு வருஷம் பி.எஸ்சி. படித்தவளும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் ஒரே மாதிரிதான் பதிவு பெறுகிறார்கள். பதிவு செய்த நர்ஸ், பதிவு செய்த மிட்வைஃப். ஊசி போடுகிற கை எது படித்தது என்று பதிவு எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், விலங்கியல் டீச்சருக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். சென்னை பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி 1871இல் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பள்ளி 1909இல். இந்த நாட்டில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு வந்தது 1946இல்தான், வேலூரிலும் டெல்லியிலும். அதற்கு முன்னால் முக்கால் நூற்றாண்டு, அதற்குப் பிறகும் பெரும்பாலும், இந்த மாநிலத்தின் வார்டுகளைத் தாங்கி நின்றவர்கள் பட்டயம் படித்தவர்கள். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்குத் தொப்புள் கொடி வெட்டியது ஒரு ஜி.என்.எம். சிஸ்டரோ, ஏ.என்.எம். படித்த கிராம சுகாதார நர்ஸோதான். இன்றைக்கு அவர்களைச் செல்லாது என்கிறீர்கள்.

சரி, உணர்ச்சிவசப்படாமல் வேலைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் அரசு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது எம்.ஆர்.பி., அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012இல் வந்தது. 2015இல் நர்சுகளுக்குப் பெரிய தேர்வு வைத்தார்கள். தகுதி என்ன தெரியுமா? பட்டயம் அல்லது பட்டம். இரண்டுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே பதவி, ஒரே ஊதியம். அந்த ஊதியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். மாதம் 7,700 ரூபாய், தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். அதில் என் மாணவிகள் இருந்தார்கள். டிப்ளமோக்காரியும் டிகிரிக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு லட்சம் செலவழித்துப் படித்தவளுக்குக் கூடுதலாக ஒரு ஜமுக்காளம்கூடப் போடவில்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறதே, 18,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்கு, அதையும் எடுத்துப் பாருங்கள். தகுதி என்ற இடத்தில் இரண்டு படிப்பும் சேர்ந்துதான் இருக்கும்.

அப்படியானால் டிகிரிக்கு மதிப்பே இல்லையா டீச்சர் என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கே என்று சொல்கிறேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர் வேலை நல்ல வேலை, அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அதற்கு பி.எஸ்சி. முடித்தவள் நேராகத் தேர்வு எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவள் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எழுத வேண்டும். எம்.எஸ்சி. படிக்க வேண்டும், நர்சிங் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால் பட்டம் இல்லாமல் நடக்காது. ராணுவ நர்சிங் சர்வீஸ், பி.எஸ்சி. வழிதான். ஆஸ்திரேலியா, கனடா பக்கம் போக நினைத்தால் பட்டம் இல்லாமல் சிரமம். ஆக, பட்டம் என்பது சில கதவுகளைச் சீக்கிரம் திறக்கும். மறுக்கவில்லை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாதாட மாட்டேன்.

என் சண்டை வேறு. அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். இடம் கையில் கிடைத்தும், "டிப்ளமோவா, சீச்சீ" என்று அதை விட்டுவிட்டு, நிலத்தை அடமானம் வைத்துத் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.எஸ்சி. சேர்க்கிறீர்களே, அதோடுதான் என் சண்டை.

ஏன் என்று சொல்கிறேன். நர்சிங்கை எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்க முடியாது. நான் 31 வருஷம் இதயத்தின் நாலு அறைகளைப் போர்டில் சிவப்பு, நீலம் சாக்பீஸில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு மனிதனுக்கு மூச்சு வாங்கும்போது தலையணையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதை வார்டில் நின்றுதான் கற்க முடியும். நரம்பு சிக்காத கிழவியின் கையில் வென்ஃப்ளான் போடுவது, மயக்கம் தெளியாதவர் திடீரென்று நீலம் பாய்வதைக் கண்டுபிடிப்பது, பிரசவ வலியில் கத்துகிறவளிடம் எப்போது அதட்டலாம் எப்போது கையைப் பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்வது, டாக்டர் அவசரத்தில் தப்பாக எழுதிய டோசைப் பார்த்து "சார், ஒரு தடவை பாருங்க" என்று சொல்கிற தைரியம். இதெல்லாம் நோயாளி இருக்கிற இடத்தில்தான் வரும். நோயாளி எங்கே இருக்கிறார்? அரசு மருத்துவமனையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். அரசு நர்சிங் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறை அந்த மருத்துவமனைதான். முதல் வருஷத்திலேயே வார்டுக்குள் போய்விடுவார்கள்.

தனியார் நர்சிங் கல்லூரி நடத்த வேண்டுமானால் 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும் என்று கவுன்சில் விதி சொல்கிறது. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கும் சொல்கிறது. நல்ல தனியார் கல்லூரிகள் இருக்கின்றன, பெரிய மருத்துவமனையோடு சேர்ந்தவை, அங்கே படித்த பிள்ளைகளைப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும். அவற்றைச் சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி பதித்த நாலு மாடிக் கட்டடம், வாசலில் வெள்ளைக்கோட்டு போட்ட பிள்ளைகளின் பிளெக்ஸ், பின்பக்கம் போனால் "மருத்துவமனை" என்று போர்டு மாட்டிய கட்டடத்தில் புறநோயாளி நாலு பேர். அதைத்தான் சொல்கிறேன். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்குப் படுக்கை நிரம்பிவிடும். எப்படி நிரம்பும் என்று என்னைக் கேட்காதீர்கள், அங்கே அன்றைக்குப் படுத்திருந்த ஒருவரின் மகன் என் மாணவன். பிரியாணிப் பொட்டலமும் முன்னூறு ரூபாயும்.

என் மாணவி ஒருத்தி, 2014இல் பிளஸ் டூ. நல்ல மார்க். அரசு ஜி.என்.எம். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. மாமன்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, டிப்ளமோ படித்தால் கல்யாணச் சந்தையில் எடுபடாது என்று சொல்லி, வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிட்டார். அப்பா கரும்பு போடுகிற ஒன்றரை ஏக்கரை அடகு வைத்தார். நாலு வருஷம் முடிந்து சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. முதல் வாரம் நைட் ட்யூட்டியில் ஒரு பெரியவருக்குக் கதீட்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், நான் பொம்மைக்குத்தான் போட்டிருக்கேன்" என்று போனில் அழுதாள். அருகில் நின்று சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? அவளைவிட இரண்டு வயது சின்னவள், அரசுப் பள்ளியில் ஜி.என்.எம். முடித்து வந்தவள். இருவருக்கும் சம்பளம் ஒன்றே, 11,000. ஒருத்திக்குக் கடன் இல்லை. இன்னொருத்திக்குச் சம்பளத்தைவிட வட்டி பெரியது. போதாததற்கு அந்த மருத்துவமனை ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருஷ பாண்ட் என்றது. நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமாம். அவள் படித்துத் தேறிவிட்டாள், இப்போது நல்ல நர்ஸ். ஆனால் வார்டில் சம்பளமில்லாத மாணவியாகக் கற்றிருக்க வேண்டியதை, நோயாளி உயிரைப் பணயம் வைத்து, பயந்து பயந்து கற்றாள். அந்த ஒன்றரை ஏக்கர் திரும்பவில்லை.

சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. தனியார் மருத்துவமனை நர்சுகளின் நிலைமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று, குழு அமைத்துப் பாருங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. குழு அமைந்தது, பரிந்துரையும் வந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை மாநில அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். 100க்கு மேல் என்றால் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் குறைவான சின்ன மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இதில் எந்த இடத்திலாவது டிகிரிக்கு இவ்வளவு, டிப்ளமோவுக்கு இவ்வளவு என்று பிரித்ததா? இல்லை. படுக்கையை வைத்துத்தான் பிரித்தது. அந்தப் பரிந்துரையை நம் ஊர்ப் பக்கம் எத்தனை ஆஸ்பத்திரி மதிக்கிறது என்பதை உங்கள் வீட்டுப் பெண்ணின் பாஸ்புக்கைப் பார்த்தால் தெரியும். பிள்ளைக்கு நியாயமான சம்பளம் கிடைக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி முதலாளியும் அரசாங்கமும். அதைவிட்டு, "நீ டிப்ளமோ படித்ததால்தான்" என்று பிள்ளை தலையில் குட்டுவது கோழைத்தனம். 11,000 வாங்குகிற பி.எஸ்சி. நர்சுகளை நான் வரிசையாகக் காட்டுகிறேன்.

அடுத்து வெளிநாடு. வெளிநாட்டுக்கு டிகிரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்து தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு 2013 முதல் நர்சிங்கைப் பட்டப்படிப்பாக்கிவிட்டது. ஆனால் இங்கிருந்து போகிற ஜி.என்.எம். நர்சுகளைப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு மூன்றும் தாண்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் எழுத்தில் 6.5, மற்றவற்றில் 7. கேரளத்திலிருந்து ஜி.என்.எம். படித்துவிட்டுப் போய் அங்கே வார்டு நடத்துகிற சேச்சிகளைக் கேளுங்கள். நம் பிள்ளைகளை நிறுத்துவது பெரும்பாலும் அந்த ஆங்கிலத் தேர்வுதான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கொட்டுகிற பணத்தில் கால்வாசியைப் பிள்ளையின் ஆங்கிலத்துக்குச் செலவழியுங்கள்.

ஜெர்மனி கதை இன்னும் வேடிக்கை. இப்போது எல்லா ஊரிலும் "ஜெர்மனியில் நர்சிங், படிக்கும்போதே சம்பளம்" என்று போஸ்டர். அந்தப் படிப்பு என்ன? ஆஸ்பில்டுங். தொழிற்பயிற்சி! மூன்று வருஷம், பாதி பள்ளியில், பாதி மருத்துவமனையில், உதவித்தொகையோடு. 2020 ஜனவரி முதல் புதுச் சட்டப்படி பொது நர்ஸ் என்று ஒரே பயிற்சியாக்கிவிட்டார்கள். அந்த நாட்டு நர்சுகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள்தான், பல்கலைக்கழகம் போனவர்கள் குறைவு. ஜெர்மானியர்கள் செய்தால் தொழிற்பயிற்சி கௌரவம், நம் அரசு ஆஸ்பத்திரியில் அதையே மூன்று வருஷம் செய்தால் கேவலமா? ஒரு உறவுக்காரர், பெயர் வேண்டாம், பெண்ணுக்கு அரசு ஜி.என்.எம். இடத்தை "டிப்ளமோ" என்று உதறிவிட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி ஜெர்மன் கிளாசுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அங்கே போய் அவள் வாங்கப்போவதும் பட்டம் இல்லை மாமா. யாராவது அவருக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். (பிழைப்புக்கு ஜெர்மனி போவதைத் தப்பென்று சொல்லவில்லை. மொழியை பி2 வரை உண்மையாகப் படித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.)

இனி மேலே படிக்க முடியாதே என்பார்கள். முடியும். ஜி.என்.எம். முடித்தவளுக்கு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே இக்னோ வழியாகப் படித்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகு எம்.எஸ்சி.யும் போகலாம். மொத்தக் கணக்கில் ஒன்றிரண்டு வருஷம் கூடுதலாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் கையில் சம்பளம் இருக்கும், வார்டு அனுபவம் இருக்கும், அப்பாவின் நிலம் அப்பாவிடமே இருக்கும்.

கல்யாணத்துக்கு வருவோம், உண்மையான காரணம் அதுதானே. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போட வேண்டும். அதற்காக நாலு லட்சம், ஐந்து லட்சம். பெண் பார்க்க வந்தவர்கள் "டிப்ளமோவா" என்று இழுத்தால், "ஆமாம், உங்க அம்மாவுக்கு பக்கவாதம் வந்தா மூக்குக் குழாயில கஞ்சி ஊத்தத் தெரிஞ்ச டிப்ளமோ" என்று சொல்லுங்கள். இப்படி ஒரு மாணவியின் அம்மா உண்மையிலேயே சொன்னார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, வேறு நல்ல சம்பந்தம் நடந்தது. போய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு நல்ல வழிகளுக்கு நடுவே உள்ள சண்டை. இனிச் சொல்லப்போவது சண்டையே இல்லை, திருட்டு.

பஸ் ஸ்டாண்ட் எதிரில், மாடியில், இரண்டு ரூம். "நர்சிங் அட்மிஷன் நடைபெறுகிறது. பத்தாம் வகுப்பு பாஸ் / பெயில். ஒரு வருட டிப்ளமோ. 100 சதவீதம் வேலை." நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், அட்வான்ஸ்டு நர்சிங் டிப்ளமோ என்று என்னென்னவோ பெயர்கள். சட்டப்படி நர்ஸ் ஆவதற்கு ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நாலு வருஷம். இந்த மூன்றையும் விட்டால் நாலாவது வழி கிடையாது. மாடி ரூமில் படித்தவளைக் கவுன்சில் பதிவு செய்யாது. பதிவு இல்லாதவள் எம்.ஆர்.பி. எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது, மேலே போஸ்ட் பேசிக் படிக்க முடியாது. சின்ன கிளினிக்குகளில் வெள்ளை டிரெஸ் மாட்டிவிட்டு ஐந்தாயிரம் ஆறாயிரத்துக்கு வேலை வாங்குவார்கள். ஊசியும் போடச் சொல்வார்கள். ஏதாவது தப்பாகிவிட்டால் டாக்டர் கையை விரித்துவிடுவார், போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது அந்த 19 வயதுப் பெண்.

இந்த மாடி ரூமில் சேர்கிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், நர்சாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கள். "டிப்ளமோ" என்ற சொல்லை இவர்களும் போட்டுக்கொள்வதால், அரசு ஜி.என்.எம்.முக்கும் கெட்ட பெயர். நம் படித்த உறவுகள் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறார்கள். மாடி ரூம்காரனுக்கு இது வசதி. மேலே ஒரு பக்கம் "டிப்ளமோ செல்லாது" என்று பயமுறுத்தி மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குத் தள்ளுகிறவன், கீழே ஒரு பக்கம் "இதுவும் டிப்ளமோதான்" என்று ஏமாற்றுகிறவன். நடுவில் இருக்கிற உண்மையான பட்டயப் படிப்பு யாருடைய போஸ்டரிலும் இல்லை. அரசு போஸ்டர் அடிப்பதில்லை. கமிஷன் இல்லாத சீட்டுக்கு ஏஜெண்ட் எதற்கு?

வகுப்பில் படிக்காமலே, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி வெளிமாநிலக் கல்லூரிகளில் ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டிலும் சேர்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரே வரி: உங்கள் பேரக்குழந்தைக்கு அப்படிப் படித்தவள் டிரிப்ஸ் போட வந்தால் ஒத்துக்கொள்வீர்களா?

ஆண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு. அரசு நர்சிங் பள்ளிகளில் ஜி.என்.எம். பெண்களுக்கு மட்டும். உங்கள் பையனுக்கு பி.எஸ்சி. கலந்தாய்வுதான் முதல் வழி. இதில் எனக்கு அரசின்மேல் கோபம் உண்டு. ஆண் வார்டில் நிற்க ஆண் நர்ஸ் வேண்டாமா? ஆனால் இப்போதைக்கு நிலைமை அதுதான். நம் விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜிப்மர் கூப்பிடு தூரம், அங்கே பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது, ஆனால் நீட் மதிப்பெண் வைத்துத்தான் எடுக்கிறார்கள். நீட் எழுதி டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைகள் அந்த மார்க்கைக் குப்பையில் போடாமல் அதற்கு விண்ணப்பிக்கலாம். ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் உதவும், அது பெண்களுக்கு மட்டும். படிப்புச் செலவு அரசுடையது, முடித்தால் லெப்டினன்ட். நம் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்கிறவர்களே அபூர்வம்.

மற்றவர்களுக்கு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு அறிவிப்பு வரும்வரை எவனுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பி.எஸ்சி.க்கும் விண்ணப்பியுங்கள், ஜி.என்.எம்.முக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் தனித்தனி விண்ணப்பம், ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றும் சேர்ந்திருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் போன வருஷம் நம் தெருவிலேயே உண்டு. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன, அது கலந்தாய்வு வழியாகத்தான் வரும், ஏஜெண்ட் வழியாக வராது. பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் உண்டு. அரசு இரண்டையும் உயர்கல்வி என்றுதான் எண்ணுகிறது, நம் வாட்ஸப் குழுதான் எண்ண மறுக்கிறது.

தனியாரில்தான் சேர்க்க வேண்டிய நிலை என்றால், அவர்கள் காட்டுகிற ஸ்மார்ட் கிளாஸைப் பார்க்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய், அவர்களுடைய மருத்துவமனையில் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறார் என்று எண்ணுங்கள். இறுதியாண்டுப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேளுங்கள். அவள் சீனியரைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் நீங்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள்.

நர்சாக இருக்கிற என் மாணவிகள் கமெண்டில் வந்து, எங்கே படித்தீர்கள், எந்த வழி, முதல் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எப்போது அடைந்தது என்று எழுதுங்கள். நான் எழுதியதைவிட அது இந்தப் பெற்றோர்களுக்கு உதவும். நான் சொன்னதில் இப்போது விதி ஏதாவது மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

குழப்பத்தில் இருப்பவர்கள் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பிள்ளை மூன்றையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் இருப்பேன். ஏஜெண்டை அழைத்து வராதீர்கள், காபி கிடையாது.